அடிபடாத கண்

ஜூன் 11, ஞாயிறு

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு மாத்திரை விளம்பரம் அடியில் இருக்கும். இன்றைக்குக் குடற்பூச்சி மாத்திரை. வெள்ளகோவிலில் பதினாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், ஏழு வருடமாக டைரி எழுதுகிறேன். தினமும் எழுதுவதில்லை. ஆனால் எழுதினால் உள்ளது உள்ளபடி எழுதுவேன்.

காலையில் பார்சல் ஆபீசில் சத்துமாவுப் பெட்டிகள் வந்திருந்தன. வண்டியின் பின்னால் வைத்துக் கட்டும்போது எலாஸ்டிக் கயிறு நழுவி, அதன் கொக்கி என் மகள் வர்ணிகாவின் இடது கண்ணில் பட்டுவிட்டது. நல்லவேளை, முனை படவில்லை. கொக்கியின் முதுகுப்பக்கம்தான் பட்டது. கயிற்றையெல்லாம் இப்போது தரமில்லாமல் செய்கிறார்கள்.

கண்ணுக்குள் கீழ்ப்பாதியில் ரத்தம் தேங்கி நின்றது. என் மனைவி தமயந்தி அழுதாள். நான் பதறவில்லை. வாடகைக் காரில் கோவைக்குப் போனோம். காங்கேயம் தாண்டும்போது பக்கத்துக் கடைக்காரர் போன் செய்து, கடை திறந்து கிடக்கிறது, பூட்டட்டுமா என்று கேட்டார்.

ஜூன் 12, திங்கள்

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் இவாஞ்சலின் என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது போலிருக்கிறது. குழந்தையைத் தலையை உயர்த்திப் படுக்க வைக்கச் சொன்னார். இரண்டு சொட்டு மருந்து எழுதினார். சீட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நானும் இதைத்தான் கொடுத்திருப்பேன்.

பிறகு ஒரு படம் வரைந்து காட்டினார். "கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும் சார். ஓரத்துல ஒரு வாய்க்கால் வழியா வெளிய போகும். இந்த அடியில அந்த வாய்க்கால் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. இப்ப ஒண்ணும் தெரியாது. ஆனா தண்ணி போக வழியில்லாம உள்ள பிரஷர் ஏறலாம். ஆறு மாசத்துலயும் ஏறலாம், இவங்களுக்குக் கல்யாணம் ஆனப்புறமும் ஏறலாம். வலிக்காது. பார்வை ஓரத்துலருந்து போகும். போனது திரும்பாது. அதனால நான் கூப்பிடுற தேதிக்கெல்லாம் தவறாம வரணும், ஆயுசுக்கும்."

கிளாக்கோமா. எனக்குத் தெரியாததா? டிப்ளமோ படிக்கும்போது அது பதினைந்து மதிப்பெண் கேள்வி. ஆயுசுக்கும் வரச் சொல்வது ஆஸ்பத்திரிக்காரர்களின் வழக்கம். "சரிங்க டாக்டர்" என்றேன். என்னையும் ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தமயந்தி முழங்கையால் இடித்தாள்.

ஜூன் 19, திங்கள்

ரத்தம் முழுக்கக் கரைந்துவிட்டது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது.

ஜூலை 10, திங்கள்

ஸ்டீராய்டு சொட்டை இன்றோடு நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஏன் வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்து நிறுத்தினோம் என்று அவர் எனக்கு விளக்கினார். எனக்கே! நான் கைகட்டிக் கேட்டுக்கொண்டேன். பெரிய மனது வேண்டும்.

அடுத்த தேதி ஆகஸ்ட் 14.

ஜூலை 23, ஞாயிறு

ஆடிக்காற்று. ஊரெல்லாம் தறிக்குடோன் பஞ்சு பறக்கிறது. வர்ணிகாவின் இடது கண் கொஞ்சம் சிவந்திருந்தது, உறுத்துகிறது என்றாள். அலமாரியில் அந்த ஸ்டீராய்டு சொட்டு மீதி இருந்தது. போட்டேன். மத்தியானத்துக்குள் கண் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது.

தறிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்தச் சொட்டுக்காகத்தான் என் கடைக்கு வருகிறார்கள். இன்றுகூடத் தறி ஓட்டும் செல்லாத்தாள் வந்தாள். "டாக்டருங்க, அந்த வெள்ளைப் புட்டி குடுங்க. போட்டா கண்ணு பளிச்சுனு ஆயிருதுங்க" என்றாள். ஊருக்கே கொடுக்கிறேன், பெற்ற மகளுக்குக் கொடுக்க மாட்டேனா?

ஜூலை 30, ஞாயிறு

ஒரு கண் மட்டும் வெள்ளையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் பார்க்க நன்றாக இல்லை. இரண்டு கண்ணுக்கும் போடுகிறேன். காலையில் பள்ளிக்கூட வேனுக்கு முன்னால் ஒரு சொட்டு, சாயங்காலம் வந்ததும் ஒரு சொட்டு. "அப்பா கையி அசையாதுங்க, அம்மா போட்டா மூக்குல உழுகுது" என்கிறாள். கைவாகு என்பது எல்லோருக்கும் வராது.

ஆகஸ்ட் 14, திங்கள்

கோவைக்குப் போக வேண்டிய தேதி. மருந்து வணிகர் சங்கக் கூட்டம். நான்தான் துணைச் செயலாளர். கண் நன்றாகத்தானே இருக்கிறது?

ஈரோட்டிலிருந்து என் அக்கா சிவகாமி வந்திருந்தாள். "அம்மிணிக்குப் பிரஷர் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்களாமா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையின் தட்டிலிருந்து ஊறுகாயை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். அது வேறு பிரஷர், உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். படிக்காதவர்களிடம் பொறுமையாகத்தான் பேச வேண்டும். இருந்தாலும் கடையில் இருக்கும் மெஷினில் குழந்தைக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். 100/60. எல்லாம் சரியாக இருக்கிறது.

செப்டம்பர் 20, புதன்

வர்ணிகாவின் வகுப்பு ஆசிரியை மாத்திரை வாங்க வந்தார். "உங்க பொண்ணு கண்ணு எவ்வளவு பளிச்சுனு இருக்குதுங்க" என்றார். சிரித்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

கோவைக்குப் போக அட்டையில் குறித்த அடுத்த தேதி. ஆயுத பூஜை வாரம், கடை சுத்தம் செய்ய வேண்டும். தமயந்தி, "நானாவது கூட்டிட்டுப் போயிட்டு வர்றனுங்க" என்றாள். கண் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் உண்டியலுக்கு மேல் ஆணியில் தொங்கும் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

நான் ஒன்றும் விட்டேத்தியாக இல்லை. கடைத்தெருக் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்தோம். பவர் ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணும் முழுப் பார்வை என்று தாளே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். தமயந்தியிடம் நீட்டினேன். "இதுல பிரஷர் போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஏட்டிக்குப் போட்டி.

நவம்பர் 5, ஞாயிறு

வர்ணிகா தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். இந்த வாரத்தில் மூன்றாவது. கவனமெல்லாம் டி.வி.யில்.

நவம்பர் 19, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் தெருவிளக்கைக் காட்டி, "லைட்டச் சுத்தி வானவில் தெரியுதுங்கப்பா" என்றாள். எங்கள் வம்சத்தில் இதுவரை கவிதை எழுதியவர் யாரும் இல்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தலைவலி என்றும் சொல்கிறாள். காலையில் ஒரு மாத்திரை கொடுத்தேன்.

டிசம்பர் 4, திங்கள்

தமயந்தி என்னை ஏமாற்றிவிட்டாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதுபோல் கிளப்பிக் கோவைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். மத்தியானம் அங்கிருந்து போன்.

"ஏனுங்க, கண்ணுல பிரஷர் ஏறிப்போச்சாமாங்க. இருபத்தொண்ணுக்குள்ள இருக்கோணுமாமா. எடது கண்ணுல முப்பத்தெட்டாமா, வலதுல இருபத்தெட்டாமா. நீங்க ஒடனே வரோணும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

வலது கண்ணா என்று கேட்டேன்.

"ஆமாங்க. அதான் அவங்களுக்கும் புரியலயாமா."

எனக்குப் புரிந்தது. செல்லாத்தாள் எதிரே சில்லறை நீட்டிக்கொண்டு நின்றாள்.

டிசம்பர் 6, புதன்

டாக்டர் இவாஞ்சலின் கோபப்படவில்லை. இரண்டு தேதிக்கு ஏன் வரவில்லை என்று ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். நரம்பின் படத்தைக் காட்டினார். இடது கண்ணின் நரம்பு நடுவில் குழிந்து போயிருந்தது. அந்தப் படத்தை நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். என் மகளின் பெயர் அதற்குக் கீழே இருந்து பார்த்ததில்லை.

"இடது கண்ணு ஏறினது எனக்குப் புரியுது சார். அடிபடாத வலது கண்ணு ஏன் ஏறணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் நிறுத்தச் சொன்னப்புறம் ஏதாவது சொட்டு போட்டீங்களா? ஸ்டீராய்டு ஏதாவது?"

"இல்லீங்க" என்றேன். "நானே மெடிக்கல் வெச்சிருக்கறவன். எனக்குத் தெரியாதுங்களா?"

"அதனாலதான் சார் உங்ககிட்ட ஒரு தடவதான் கேக்குறேன்."

பிறகு பரம்பரை பற்றிக் கேட்டார். சிலருக்குக் குழந்தையிலேயே இந்த நோய் வருமாம், குடும்பத்தில் யாருக்காவது கண் போயிருக்கிறதா என்று விசாரித்தார். தமயந்தியின் சித்தப்பா ராக்கியப்பனுக்கு ஒரு கண் தெரியாது. அவள் அதைச் சொன்னதும் டாக்டர் எழுதிக்கொண்டார். எங்கள் இருவர் கண்ணிலும் பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிரஷர் குறைய வேறு சொட்டும் மாத்திரையும் கொடுத்தார். பத்து நாளில் இறங்காவிட்டால் அறுவை சிகிச்சை.

டிசம்பர் 7, வியாழன்

அந்தச் சொட்டை நாலாம் தேதி காலையோடு நிறுத்திவிட்டேன். புட்டியைக் குப்பையில் போட்டேன். கடையில் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த தாளை எடுத்துப் படித்தேன். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் கூடும், குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும் என்று பொடி எழுத்தில் இருந்தது. மருந்துகளின் காலாவதித் தேதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் நான். இந்தத் தாளைப் பதினாறு வருடத்தில் பிரித்ததில்லை.

நிறுத்தினால் சில வாரத்தில் அழுத்தம் தானாக இறங்கும் என்று என் பழைய பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இறங்கிவிட்டால் டாக்டர் கொடுத்த மருந்தால் இறங்கியது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. குழந்தைக்கும் குணமாகும். எல்லோருக்கும் நல்லது.

டிசம்பர் 9, சனி

சிவகாமி அக்கா வந்தாள். செய்தி அவளுக்கு எப்படியோ போய்விட்டது. சமையலறையில் தமயந்தி முதுகைத் திருப்பிக்கொண்டு தக்காளி அரிந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொன்னேன், குருட்டுக் குடும்பத்துல பொண்ணெடுக்க வேண்டாம்னு. ஆரு கேட்டா? இப்பப் பாரு, நம்ம கொளந்தைக்கு வந்து நிக்குது."

தமயந்தி அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "எங்க சித்தப்பனோட கண்ணு நல்ல கண்ணுதானுங்க அண்ணி. சின்ன வயசுல என்னமோ பட்டு..." என்று ஆரம்பித்தாள். பிறகு, "இருக்கலாமுங்க. எங்க ரத்தமா இருந்தாலும் இருக்குமுங்க" என்றாள்.

நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மத்தியானம் தக்காளிச் சாதம். உப்பு இல்லை. தமயந்தி குழந்தைக்குப் பிரஷர் என்று வீட்டில் எல்லோருக்கும் உப்பை நிறுத்திவிட்டாள். அது வேறு பிரஷர் என்று இந்த முறை நான் விளக்கவில்லை.

டிசம்பர் 13, புதன்

இடது 36, வலது 25. இறங்குகிறது, ஆனால் போதாது. டாக்டர் தேதி குறித்துவிட்டார்: 18ஆம் தேதி திங்கள். முழு மயக்கம் கொடுத்து இடது கண்ணில் அறுவை. அந்த மயக்கத்திலேயே வலது கண்ணையும் நன்றாகச் சோதித்துப் பார்ப்பார்களாம், பரம்பரை நோயாகத் தெரிந்தால் அதிலும் செய்வார்களாம். எனக்கு இன்னும் பதினைந்து நாள் கிடைத்திருந்தால் வலது கண் தானாகவே சரியாகியிருக்கும்.

டாக்டர் வர்ணிகாவைத் தன் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார். "அம்மா அப்பா யாராவது உனக்கு வீட்டுல வேற சொட்டு போட்டாங்களாடா? பயப்படாம சொல்லு."

"இல்லீங்க" என்றாள் வர்ணிகா. தானாகவே சொன்னாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தானாகவே என்பது தவறு.

பேருந்து பல்லடம் தாண்டியதும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தமயந்தி முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா சொட்டுப் போட்டாங்களான்னு கேட்டா, இல்லீங்கன்னு சொல்லிரோணும் அம்மிணி."

"ஏனுங்கப்பா?"

"அப்பாவுக்குக் கெட்ட பேரு வந்துரும்."

"செரிங்கப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்டயும் சொல்லக் கூடாதுங்களா?" என்று கேட்டாள். கூடாது என்றேன்.

உள்ளது உள்ளபடி எழுதுவேன் என்று இந்த டைரியில்தான் எழுதியிருக்கிறேன். ஜூன் 11ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கயிறு நழுவியது என்று இருக்கிறது. கயிறு நழுவவில்லை. ஒரு முனைக் கொக்கியை வண்டிக் கம்பியில் மாட்டி அது கழலாமல் பிடித்துக்கொள்ளும்படி வர்ணிகாவைக் குனியச் சொன்னேன். மறுமுனையை நான் முழு நீளத்துக்கு இழுத்துப் பிடித்திருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. கையை விட்டேன். போனில் யாரோ, "டாக்டருங்களா? கடை தொறந்துட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டுத்தான் குழந்தை அலறுவதைத் திரும்பிப் பார்த்தேன்.

டிசம்பர் 15, வெள்ளி

செல்லாத்தாள் வந்து வெள்ளைப் புட்டி கேட்டாள். கொடுத்தேன். அவள் தெருமுனை தாண்டிய பிறகுதான் என்ன கொடுத்தேன் என்றே உறைத்தது. அப்படியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 18, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி. வர்ணிகாவுக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். நேற்று ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. "எந்திரிச்சதும் தோசை கெடைக்குங்களா?" என்று நர்சிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் டாக்டர் அறைக்குள் போனபோது அங்கே ராக்கியப்பன் மாமா உட்கார்ந்திருந்தார். தமயந்திதான் வரச் சொல்லியிருக்கிறாள். எழுபத்திரண்டு வயது மனிதர், முத்தூரிலிருந்து விடியற்காலை முதல் பேருந்தில் கிளம்பி, சலவை வேட்டி கட்டி வந்திருக்கிறார். தன்னைச் சோதித்தால் குழந்தையின் நோய் இன்னதென்று தெரியும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மோவாயை மெஷினில் வைத்தபடியே பேசினார்.

"எனக்கு இது சுண்ணாம்புக் காளவாயில தெறிச்சுப் போன கண்ணுங்க அம்மிணி. நோயெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆனாலும் எங்க அண்ணன் பேத்திக்கு ஒதவும்னா, இந்த நல்ல கண்ணையும் எப்புடி வேணும்னாலும் பாத்துக்குங்க."

டாக்டர் பார்த்தார். பதினாலு. சுத்தமாகச் சரியாக இருந்தது. தமயந்தி, "அப்ப எங்க பக்கத்துல வேற ஆருக்காச்சும் இருக்குங்களா சித்தப்பா? பாட்டன் காலத்துல? நல்லா நெனச்சுப் பாருங்க" என்று அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். தன் குடும்பத்தில் ஒரு குருடராவது கிடைக்க மாட்டாரா என்று தேடினாள். அவர் மெஷினில் வைத்த தலையை எடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"நான்தானுங்க போட்டேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மருந்தின் பெயர், எத்தனை சதவிகிதம், இடது கண்ணுக்கு ஜூலை இருபத்திமூணிலிருந்து, ரெண்டு கண்ணுக்கும் முப்பதிலிருந்து, நாளைக்கு ரெண்டு வேளை, டிசம்பர் நாலு காலை வரைக்கும்.

டாக்டர் நர்சிடம், "தியேட்டர்ல சொல்லுங்க, இந்தக் கேஸ் இன்னைக்கு இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தேதியெல்லாம் எப்படி சார் இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"டைரி எழுதறனுங்க."

"கொண்டு வந்திருக்கீங்களா?"

பையில் இருந்தது. என்றைக்கு எந்தக் கண்ணுக்கு, எத்தனை சொட்டு, எந்த நாளில் தலைவலி, எந்த நாளில் வானவில் எல்லாம் தனக்கு வேண்டும் என்றார். ஜூன் முதல் டிசம்பர் வரைக்கும் பக்கங்களை நகல் எடுத்து வர்ணிகாவின் ஃபைலில் சேர்த்துவிட்டார்கள். நகல் எடுத்த பையன் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்துவிட்டான். ஒரு பிரதியைத் தமயந்தி கையில் கொடுத்தார்கள்.

டாக்டர் கடைசியாகச் சொன்னது: "நீங்க பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா இந்தப் பெரியவர் பஸ் ஏறியிருக்க வேண்டாம். இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுச் சொல்லியிருந்தா குழந்தை மயக்கத்துல இருந்திருக்கும்."

வர்ணிகா தோசை சாப்பிட்டாள். இரண்டு.

டிசம்பர் 19, செவ்வாய்

தமயந்தி தாழ்வாரத்தில் உட்கார்ந்து நகலை முழுக்கப் படித்தாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆயிற்று. டிசம்பர் 9ஆம் தேதிப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒங்க அக்காளுக்குப் போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். நான் அக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "போனாப் போவுது உடு தம்பி. ஆம்பளைங்க தெரியாமச் செய்யறதுதான்" என்றாள். தமயந்தி போனை வாங்கி அணைத்துவிட்டாள். இனிமேல் குழந்தைக்குச் சொட்டு தான்தான் போடுவேன் என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது. அடுத்தது சரியாக விழுந்தது.

டிசம்பர் 27, புதன்

செல்லாத்தாள் வந்தாள். வெள்ளைப் புட்டி கிடையாது, இனி டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் தர மாட்டேன், உன் கண்ணிலும் பிரஷர் ஏறியிருக்கலாம், போய்ப் பார் என்று விளக்கினேன். என் மகளுக்கு நான் செய்ததையும் சொன்னேன். கடையில் நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன்.

கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "அய்யோ பாவமே, அந்தப் பச்சப் புள்ளைக்கா? அப்ப நீங்க நெசமான டாக்டர் இல்லீங்களா?" என்றாள். நேராக எதிர்க்கடைக்குப் போய் அதே புட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

இதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிற முப்பத்தோரு பேர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் கோவைக்குப் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரி 8, திங்கள்

டைரியின் கடைசியில் குறிப்புகளுக்கென்று விட்ட வெற்றுப் பக்கத்தில் எழுதுகிறேன். புது வருட டைரி வந்தது, வாங்கவில்லை.

வலது கண் 15. எந்த மருந்தும் இல்லாமலே. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். இடது கண் மருந்தோடு 22. கிழிந்த வாய்க்காலும் நான் போட்ட சொட்டும் சேர்ந்து அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டன, எது எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது என்றார். கத்தியை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். ஆனால் சொட்டு ஆயுசுக்கும், பரிசோதனையும் ஆயுசுக்கும்.

பிறகு பார்வைப் பரப்புச் சோதனை. இருட்டுப் பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வர்ணிகாவுக்கு அது விளையாட்டு. கண்ணுக்கு ஒரு படம் வந்தது. வலது கண்ணின் படம் வெளுப்பாக இருந்தது. இடது கண்ணின் படத்தில் மூக்குப் பக்கமாகக் கருப்பாக ஒரு பெரிய துண்டு. போனது திரும்பாது என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டார்கள். அதனால் திரும்புமா என்று நான் கேட்கவில்லை.

தமயந்தி மருந்து வாங்கப் போனாள். நானும் வர்ணிகாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு வலப்பக்கம் நான். படத்தை அவள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ணுல இப்படிக் கருப்பாவா தெரியுது அம்மிணி?" என்று கேட்டேன்.

"இல்லீங்கப்பா. கருப்பெல்லாம் இல்ல. அங்க ஒண்ணுமே இல்ல, அவ்வளவுதானுங்க."

வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நேரே பார்த்தாள். "இப்பச் செவுரு தெரியுது. அந்த அக்கா தெரியறாங்க. நீங்க தெரியல."

"எப்ப இருந்து சாமி இப்படி?"

"மழ பெஞ்சுதில்லீங்க, டம்ளரெல்லாம் தட்டி உட்டனே, அப்பவே."

"ஏம்மா அப்பாகிட்டச் சொல்லல?"

கையை எடுக்காமலேயே சொன்னாள். "நீங்கதான் தெனமும் சொட்டுப் போட்டீங்கல்ல. அதுக்குத்தான் போடறீங்கன்னு நெனச்சேன். செரியாயிரும்னு இருந்தனுங்க."

நான் அழுதேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க. சத்தம் கேட்டு, "அப்பா, எங்க இருக்கறீங்க?" என்று, பொத்திய கையை எடுக்காமல் அவள் காற்றில் துழாவினாள். நான் எழுந்து, அந்தக் கண்ணுக்குத் தெரிகிற இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.